அமாவாசையின் மேல் போட்ட பழி

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் சிற்றூர்களில், யானைக்கால் கண்ட ஒருவர் திடீரென்று பல் கிட்டும் குளிரோடு படுத்துவிட்டார், தொடையிடுக்கில் நெறி கட்டிவிட்டது, கால் செக்கச் சிவந்து தொடமுடியாதபடி கொதிக்கிறது என்ற செய்தி பரவினால், பார்க்க வருகிற உற்றார் உறவினர் முதலில் கேட்கும் கேள்வி அந்தக் காலைப் பற்றியதாக இருப்பதில்லை, "அமாவாசை என்றைக்கு?" என்பதே முதற்கேள்வி. சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை நேற்றோ நாளையோ அமைந்திருந்தால், "அதுதானே பார்த்தேன்" என்று திருப்தியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தொலைவில் இருந்துவிட்டாலோ பௌர்ணமி கைகொடுக்கிறது. காரணம் அகப்பட்டுவிட்டபடியால் அதற்குமேல் விசாரணைக்கு இடமில்லை. அடுத்து வருகிற வார்த்தை, "காலிலே தண்ணி படவிடாதே" என்பது. அதற்கும் அடுத்தது, "வந்தா வந்ததுதான், இது போகிற வியாதியா?" என்பது.

இம்மூன்று வாக்கியங்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு ஒரு சித்தாந்தமாகவே உருப்பெற்றுத் தலைமுறை தலைமுறையாக நிலவிவருகின்றன. இதை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆயினும் மறுப்பு கிராமத்து ஜனங்களோடு நின்றுவிடுமானால் அது நியாயமாகாது. அமாவாசை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஏளனமாகச் சிரிக்கிற படித்தவர்கள், சந்திரன் இருந்த பீடத்தில் ஒரு புழுவைக் கொண்டுவந்து அமர்த்திவிட்டு, "புழுவினால் வந்த ஜுரம், புழுவுக்கு மாத்திரை, மாத்திரைக்கு அரசாங்கம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒருவர் வானத்தைக் காட்டுகிறார், மற்றவர் இரத்தத்தைக் காட்டுகிறார். கால்விரல்களுக்கு நடுவே குனிந்து பார்க்கவேண்டிய அவசியம் இருவருக்குமே ஏற்படுவதில்லை. என் வழக்கெல்லாம் அந்த விரலிடுக்கைப் பற்றியதுதான்.

புழுவின் மேல் உள்ள குற்றச்சாட்டு பொய்யென்று நான் சொல்லவரவில்லை. மனித இரத்தத்தில் இந்நோயின் நுண்புழுக்களை 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் கண்டதும், அவற்றைக் கொசு உறிஞ்சி வளர்க்கிறது என்பதைச் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் 1877இல் பாட்ரிக் மேன்சன் கண்டறிந்ததும் மருத்துவ சரித்திரத்தின் பிரசித்தமான அத்தியாயங்கள். சாக்கடையிலும் கழிநீர்க் குழியிலும் பெருகுகிற க்யூலெக்ஸ் கொசு இப்புழுவைச் சுமந்து வருகிறது. புழு நிணநாளங்களில் ஐந்தாறு ஆண்டுகள் குடியிருந்து அவற்றைத் தொளதொளக்கச் செய்கிறது. நிணநீர் மேலேற வழியின்றிக் காலில் தேங்குகிறது. 1955ஆம் ஆண்டிலேயே தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றிற்று. நம் பழைய தென்னார்க்காட்டுச் சீமையோ இவ்வாராய்ச்சிகளுக்கெல்லாம் ஒரு களமாகவே இருந்திருக்கிறது. திருக்கோவிலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், அவை விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், மதுரையிலுள்ள மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தார் கழிநீர்க் குழிகளின் மேல் தெர்மாகோல் மணிகளைப் பரப்பிக் கொசுப்புழுக்கள் மூச்சுவிடாதபடி செய்து பார்த்ததும், மாத்திரையோடு அந்த உபாயத்தைச் சேர்த்துப் பரீட்சித்ததும் அறிவியல் உலகம் எடுத்துப் பேசிய காரியங்கள். வருஷத்துக்கு ஒரு வேளை வீடுதோறும் மாத்திரை வழங்கிய பெருமுயற்சியினால் புதிதாக நோய் தொற்றுவது தமிழ்நாட்டில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதையெல்லாம் வணக்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கேள்வி வேறு. ஏற்கெனவே கால் வீங்கிப்போன மனிதரை அடிக்கடி படுக்கையில் தள்ளுகிற அந்த ஜுரம் எதனால் வருகிறது என்பதே கேள்வி.

முதலில் அமாவாசையைப் பார்ப்போம். இந்நம்பிக்கைக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது அனுபவம். "நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன், அமாவாசை பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது" என்று ஒரு முதியவர் சொல்லும்போது, அவர் பொய் சொல்வதாக எண்ணுவது அறிவீனம். அவர் கண்டது மெய்யே. ஆனால் அவர் கண்டதற்கு எவ்வளவு பெறுமதி என்பதைச் சற்றுக் கணக்குப் பார்க்கவேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையே ஏறக்குறைய பதினைந்து நாட்கள். "ஒட்டி" என்று வழக்கத்தில் சொல்லும்போது அந்நாளுக்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாட்களை நாம் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுகிறோம். ஆக ஏழு நாட்கள் அந்தத் திதியின் வசமாகின்றன. ஜுரமோ ஒரு நாளில் தீர்வதன்று. நான்கு நாட்கள் நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்நான்கில் ஏதேனும் ஒரு நாள் மேற்சொன்ன ஏழில் விழுந்தாலும் பழி திதியின் மேல் விழுந்துவிடும். அப்படி விழுவதற்கு, அப்பதினைந்து நாட்களில் குறிப்பிட்ட பத்து நாட்களில் ஏதேனும் ஒன்றில் ஜுரம் தொடங்கினாலே போதும். சந்திரனுக்கும் காலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்தாலுங்கூட, மூன்று ஜுரங்களில் இரண்டு அமாவாசையையோ பௌர்ணமியையோ தொட்டுக்கொண்டுதான் வரும். எஞ்சிய மூன்றாவதை மனம் மறந்துவிடுகிறது; மறப்பது மனத்தின் இயல்பு. இப்படிப்பட்ட சாட்சியை வைத்துக்கொண்டு எந்த நியாயாதிபதியும் சந்திரனைத் தண்டிக்கமாட்டார்.

ஜுரம் எந்த நாளில் வருகிறது என்பதைக் காட்டிலும் எந்தப் பருவத்தில் வருகிறது என்று கேட்டிருந்தால் முதியவரின் நாற்பது வருஷ அனுபவம் பெரிய பிரயோஜனத்தைத் தந்திருக்கும். ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் வடபகுதிக் கிராமங்களில் 1990களில் எடுத்த கணக்கில், மழையும் உழவும் மும்முரமாக இருக்கிற மாதங்களிலே இந்த ஜுரம் பெருகுவதாகக் கண்டார்கள். மழைக்காலத்திலும் அமாவாசை மாதம் ஒன்றுதான். மிகுவது சேறு.

சேறு என்று சொல்லிவிட்டேன். இங்கேதான் சற்று நின்று, கண்ணை அருகில் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் காலையிலிருந்து முழங்கால் சேற்றில் நின்ற ஒரு பெண்ணின் வீங்கிய பாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் பம்புசெட்டுத் தொட்டியில் நின்று காலை நன்றாகத்தான் கழுவிக்கொள்கிறாள், சேறெல்லாம் போய்விடுகிறது, பார்வைக்குக் கால் சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் வீக்கத்தினால் விரல்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் கையால் மெல்லப் பிரித்து, விளக்கொளியில் அவ்விடுக்கை நோக்கினால், அங்கே தோல் வெளுத்து, ஊறி, மெழுகுபோல் நைந்து, தொட்டால் உரிந்துவருகிற நிலையில் இருப்பது தெரியும். அதன் அடியில் செந்நிறமாக ஒரு கீறல், நெற்கதிரின் கூரளவுதான் இருக்கும். இலேசான வாடை. அரிப்பு உண்டு, வலி இல்லை. நம் உழவர்கள் சேற்றுப்புண் என்று சொல்லிப் பொருட்படுத்தாமல் விடுவது இதைத்தான். வீடு வந்து சேர்ந்து, துடைக்காத காலோடு அடுப்பு வேலையில் முனைந்து, அப்படியே படுத்தும்விடுகிறாள். அந்த ஈரம் இரவெல்லாம் விரலிடுக்கிலேயே கிடக்கிறது.

இந்தக் கீறலே வாசல். தோலின் மேல் எப்போதும் திரிந்துகொண்டிருக்கிற பாக்டீரியாக்களுக்கு, விசேஷமாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற சங்கிலிக் கிருமிக்கு, இதைவிட அகலமான வாசல் வேண்டியதில்லை. நல்ல காலில் இப்படி ஒரு கிருமி நுழைந்தால் நிணநீர் அதை வாரிக்கொண்டு போய் நெறியில் சேர்த்து அழித்துவிடுகிறது. ஆள் அறிவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும். புழுவினால் நிணநாளம் சிதைந்த காலிலோ நீர் நகர்வதில்லை. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது. சில மணி நேரத்தில் குளிர், ஜுரம், நெறி, செந்நிறம், கொதிப்பு எல்லாம் ஒருசேர வந்துவிடுகின்றன. புழு வீட்டின் கூரையைப் பிரித்துப்போட்டது உண்மை. உள்ளே புகுந்து கொள்ளையடித்தது வேறு ஆள். அந்தச் சிவப்பைப் பார்த்து அக்கி என்று தீர்மானித்துக் காவி கரைத்து எழுதுகிறவர்களும் உண்டு. அக்கி எழுதுவதனால் தீமை ஏதும் விளைவதாகத் தெரியவில்லை, தாமதம் விளைகிறது.

"இதுவும் ஒரு ஊகந்தானே? புழுவினாலேயே ஜுரம் வரலாகாதா?" என்று கேட்கும் படித்த நண்பருக்கு எத்தியோப்பியாவைக் காட்டுகிறேன். அந்நாட்டின் மலைப்பிரதேசங்களில் எரிமலை மண்ணில் வெறுங்காலோடு உழுகிற ஏழைக் குடியானவர்களுக்கு, மண்ணின் நுண்துகள் தோலுக்குள் புகுந்து கால் வீங்குகிற ஒரு வியாதி உண்டு. அதில் புழுவும் இல்லை, கொசுவும் இல்லை. ஆயினும் அவர்களுக்கும் இதே குளிர், இதே நெறி, இதே கொதிப்பு, வருஷத்தில் பலமுறை வந்து போகின்றன. புழுவே இல்லாத காலில் வருகிற ஜுரத்துக்குப் புழு காரணமாக இருக்கமுடியுமா? 2018இல் வெளியான ஒரு பெரும் பரீட்சையில், அக்குடியானவர்களுக்குத் தினமும் காலைக் கழுவித் துடைத்துக் களிம்பிட்டுச் செருப்பணியும் முறையைப் பழக்கியபோது, பழகாதவர்களைக் காட்டிலும் ஜுரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெருமையாகக் கொட்டி முழக்கும் எண்ணல்ல என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அமாவாசையைப் பார்த்துக்கொண்டிருந்ததனால் ஒரு ஜுரங்கூடக் குறைந்ததாக எவரும் காட்டியதில்லை.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால், நம் அண்டையிலேயே ஆலப்புழை இருக்கிறது. அங்கே ஆர். கே. ஷெனாயும் அவருடைய சகாக்களும், சென்னையிலிருந்து வி. குமாரசுவாமியும் சேர்ந்து நடத்தி 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி, எந்தப் பட்சத்தையும் சாராமல் செய்யப்பட்டது. நோயாளிகளைப் பிரித்துச் சிலருக்குப் பெனிசிலின், சிலருக்கு டி.இ.சி. என்ற புழுமாத்திரை, சிலருக்குக் காலில் தடவும் மருந்து என்று கொடுத்து, யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது கொடுப்பவருக்கும் தெரியாதபடி வைத்துப் பார்த்தார்கள். ஜுரத்தைத் தடுப்பதில் டி.இ.சி.க்குச் சொல்லத்தக்க பங்கு இல்லை என்பதும், காலைச் சுத்தமாகப் பேணுவதும் தேவைப்படும்போது கிருமிக்கான மருந்துமே காப்பாற்றுகின்றன என்பதும் அதில் வெளிப்பட்டன. பல நாடுகளில் இவ்வாறு நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து 2015இல் எடைபோட்டபோது, காலைப் பேணும் முறையில் சேர்ந்தவர்களிடம் ஜுரத்தின் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாக இறங்கியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும், ஒவ்வொரு ஜுரத்துக்கும் டி.இ.சி. மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் நம் மருத்துவர்கள் சிலரிடம் இன்னும் மறையவில்லை. 1947இல் அம்மருந்து யானைக்காலுக்குப் பயன்படும் என்று கண்டது மகத்தான காரியம். இரத்தத்தில் திரியும் நுண்புழுவை அது ஒழிக்கிறது. ஊரில் நோய் பரவாமல் காக்கிறது. ஆனால் நெடுநாள் வீங்கிய காலையுடையவரின் இரத்தத்தில் பெரும்பாலும் அந்நுண்புழுவே இருப்பதில்லை. இல்லாத எதிரியை நோக்கி எய்த அம்பு, இருக்கிற எதிரியைத் தற்செயலாகவேனும் தைக்கும் என்று எதிர்பார்ப்பது எந்த சாஸ்திரம்?

தண்ணீர் ஆகாது என்ற இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். இதிலே அணுவளவு உண்மை இருப்பதனால்தான் இவ்வளவு பெரிய பொய்யாக அது நிலைத்திருக்கிறது. ஈரம் கெடுதல் செய்கிறது என்று முன்னோர் கண்டது சரி. கெடுதல் செய்தது தண்ணீர் பட்டதல்ல, பட்ட தண்ணீரைத் துடைக்காமல் விட்டது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், துடைக்கக் கற்பதற்குப் பதிலாகக் கழுவுவதையே நிறுத்திவிட்டார்கள். அதன் பலனாக, ஜுரம் வந்த நாள் முதல் ஒரு மண்டலம் காலைக் கட்டிப்போட்டு வைத்து, மடிப்புகளில் வியர்வையும் உரிந்த தோலும் சேர்ந்து புளித்து, பழைய வாசலோடு புதிய வாசல்களும் திறந்துகொள்ளுகின்றன. மறுபடியும் ஜுரம். மறுபடியும், "தண்ணி பட்டுவிட்டதோ?" என்ற விசாரணை. இதற்கு மேல் ஒத்தடம் வேறு. நொச்சியிலையை வதக்கி ஒத்தடம், தவிட்டை வறுத்து ஒத்தடம், செங்கல்லைக் காய்ச்சித் துணியில் சுற்றி ஒத்தடம். ஏற்கெனவே கொதிக்கிற காலுக்குச் சூடு ஏற்றுவதைப்போன்ற கொடுமை வேறில்லை. அப்போது வேண்டியது குளிர்ந்த நீரில் நனைத்த துணி, காலை உயர்த்தி வைத்த ஓய்வு, தாமதமின்றி மருத்துவர் தரும் கிருமிக்கொல்லி மருந்து. புண்ணைக் கத்தியால் கீறுவதும், தோலை உரித்தெடுப்பதும், காலை அழுந்தத் தேய்த்து உருவுவதும் அந்நாட்களில் அறவே கூடாது.

சாதாரண நாட்களிலே செய்யவேண்டியது என்னவென்று கேட்டால், சொல்வதற்கே கூச்சப்படும் அளவுக்கு எளிது. ஒரு பேசினில் அறைவெப்பத்து நீர், வாசனையும் காரமும் இல்லாத ஒரு சாதாரண சோப்பு. முழங்காலிலிருந்து கீழ்நோக்கி, கையில் சோப்பைக் குழைத்து, தோலின் ஒவ்வொரு மடிப்பையும் விரித்துக் கழுவுவது. பிரஷ்ஷோ, பீர்க்கங்கூடோ, கல்லோ வைத்துத் தேய்க்காமல் இருப்பது. ஊற்றும் நீர் தெளிவாக ஓடும்வரை அலசுவது. வீங்காத மற்றக் காலையும் அவ்விதமே கழுவுவது. இதுவரை பலரும் செய்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதே முக்கியமானது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய வேட்டியிலிருந்தோ நைந்த பருத்திப் புடவையிலிருந்தோ விரலகலத்துக்கு ஒரு நாடாவைக் கிழித்து, துவைத்து உலர்த்தி வைத்துக்கொண்டு, அதைச் சுண்டுவிரலுக்கும் அடுத்ததற்கும் இடையே நுழைத்து, இரண்டு முனைகளையும் பிடித்து மெல்ல ஒற்றி எடுக்கவேண்டும், இழுத்து அறுக்கக்கூடாது. துணி ஈரமாக வந்தால் உலர்ந்த பகுதியை மாற்றி மறுபடியும் ஒற்றவேண்டும். உலர்ந்தே வரும்வரையில் விடக்கூடாது. இவ்வாறு நான்கு இடுக்கிலும். வெளுத்த இடமிருந்தால் பூஞ்சைக் களிம்பு. கீறலிருந்தால் கிருமிக் களிம்பு. பிறகு காலை ஒரு தலையணையின் மேல் உயர்த்தி வைத்துப் படுக்கை. குனிய முடியாத பெருங்காலுடையவர்களுக்கு வீட்டிலுள்ள இன்னொருவர் கை கொடுக்கவேண்டும். அந்த இன்னொருவர் வருவதுதான் பல வீடுகளில் சோப்பைக் காட்டிலும் அரிதாக இருக்கிறது என்பதை நான் அறிவேன்.

எளிமையே இம்முறைக்குப் பகையாகிவிட்டது. விலையில்லாத பண்டத்துக்கு மதிப்பில்லை என்பது நம் சந்தை நியாயம். மருத்துவத்திலும் அதே நியாயம் நடக்கிறது. ஊசி போட்டால் வைத்தியம், சீட்டு எழுதினால் வைத்தியம், "காலைக் கழுவித் துடை" என்றால் அது வைத்தியமன்று, அதட்டல். வியன்னாவில் 1847இல் இக்னாஸ் ஸெம்மல்வைஸ், பிரசவ அறைக்குள் நுழையும் மருத்துவர்கள் குளோரின் நீரில் கை கழுவவேண்டும் என்று விதித்துத் தாய்மாரின் சாவை மளமளவென்று குறைத்துக் காட்டியபோதும் பண்டிதர்கள் அவரை அலட்சியப்படுத்தினார்கள். அந்தப் பிரசவ ஜுரத்தின் கிருமியைப் பாஸ்டர் 1879இல் சுட்டிக்காட்டினார். அதுவும் மேலே சொன்ன சங்கிலிக் கிருமிதான்.

எளிமையை வெறுப்பவர்களின் இன்னொரு வகுப்பு, கழுவுவதை ஒப்புக்கொண்டு, சாதாரண சோப்பைத் தள்ளிவிட்டுக் கிருமிநாசினி சோப்பைக் கேட்கிறது. கடைக்காரரும் விளம்பரக்காரரும் இவர்களுக்குத் துணை. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எந்த மளிகைக் கடையில் கேட்டாலும், சாதாரண சோப்பைக் காட்டிலும் விலை கூடுதலான ஒன்றை முதலில் எடுத்து நீட்டுவார்கள். கராச்சி நகரத்தின் குடிசைப் பகுதிகளில் நடத்தி 2005இல் லான்ஸெட் பத்திரிகை வெளியிட்ட பரீட்சை ஒன்று இவ்விவாதத்தைத் தீர்த்துவைத்துவிட்டது. சில குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பும், சில குடும்பங்களுக்குக் கிருமிநாசினி கலந்த சோப்பும் இலவசமாகக் கொடுத்துக் கைகழுவப் பழக்கியபோது, சோப்பு வழங்கப்படாத பகுதிகளின் வீடுகளைக் காட்டிலும், சாதாரண சோப்பு பெற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு இம்பெடிகோ என்ற பாக்டீரியாச் சிரங்கு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. கிருமிநாசினி கலந்ததனால் மேற்கொண்டு யாதொரு லாபமும் காணப்படவில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம், இவ்வகைச் சோப்புகளில் சேர்க்கும் 19 இரசாயனங்களுக்கு, சாதாரண சோப்பை மிஞ்சிய பலன் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 2016இல் சந்தையிலிருந்து அவற்றை விலக்கியது. சோப்பு கிருமியைக் கொல்லவேண்டும் என்பதில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்து அதைப் பெயர்த்து நீரில் ஓட்டிவிட்டால் போதும். நெடியேறிய நாசினி நீர்மத்தைத் தண்ணீர் கலவாமல் யானைக்காலின் மடிப்பில் ஊற்றுகிறவர்களோ, தோலைப் பொசுக்கிப் புதிய வாசலைத் தங்கள் கையாலேயே திறந்துவைக்கிறார்கள்.

"எல்லாம் சரி, கழுவினால் கால் சிறுத்துவிடுமா?" மூன்றாவது வாக்கியம் இந்த உருவத்தில் வருகிறது, இதுவே மூன்றிலும் வலியது, ஏனென்றால் இதைக் கேட்கிறவர் நோயாளியே. மழுப்பாமல் பதில் சொல்கிறேன்: நெடுநாள் வீங்கி இறுகிய கால் பழைய காலாக ஆகாது. அந்த வாக்குறுதியைக் கொடுக்கிறவர் எவராயினும் அவரை நம்பாதீர்கள். ஆனால் கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. அந்த மனிதரை முடக்குவது காலின் பருமன் மட்டுமா? ஆரம்ப வீக்கத்தோடு அறுவடைக்குப் போகிறவர்களும், மரக்காணத்து உப்பளத்தில் உவர்நீரில் நின்று உப்பு வாருகிறவர்களும் உண்டு. ஜுரம் வருகிற அந்த நான்கைந்து நாட்கள்தாம் கூலியைப் பறிக்கின்றன; அது வருஷத்தில் பல தடவை வந்தால் வேலைக்குக் கூப்பிடுகிறவர் கூப்பிடுவதை நிறுத்திவிடுகிறார். இதைவிடக் கொடியது, ஒவ்வொரு ஜுரமும் போகும்போது எஞ்சியிருந்த நிணநாளங்களில் சிலவற்றையும் கெடுத்துவிட்டுப் போகிறது, தோல் தடிக்கிறது, மடிப்பு ஆழமாகிறது, அடுத்த கிருமிக்கு அதிக இடம் கிடைக்கிறது. நேற்றுப் பாதத்தில் மட்டும் இருந்த வீக்கம் முழங்காலுக்கு ஏறியது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் இந்த ஜுரங்களின் படிக்கட்டில் ஏறித்தான். ஜுரம் நின்றால் ஏற்றம் நிற்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு வீக்கம் ஓரளவு இறங்கவும் செய்கிறது. சிறுக்குமா என்று கேட்கிறவர், பெருக்காமல் இருக்குமா என்று கேட்டிருந்தால் இத்தனை வருஷங்களை இழந்திருக்கமாட்டார்.

இனி, என் பக்கத்து நண்பர்களிடமிருந்தே வருகிற ஓர் ஆட்சேபம் உண்டு. அதை நான் மற்ற மூன்றையும்விட மதிக்கிறேன். ஏழையைப் பார்த்துச் சுத்தமாக இரு என்று சொல்வது, நோயின் பழியை அவர் தலையிலேயே போடுவதாகாதா? சாக்கடையை மூடாதது நகராட்சி, குழாயில் தண்ணீர் விடாதது ஊராட்சி, சேற்றில் நிற்கச் செய்தது வயிறு. அப்படியிருக்க விரலிடுக்கைத் துடைக்கவில்லை என்று நோயாளியையா கடிந்துகொள்வது? இந்த ஆட்சேபத்தின் முற்பகுதி முழுவதையும் ஏற்கிறேன். சுத்தம் என்ற சொல் நம் நாட்டில் வெறும் சுகாதாரச் சொல்லாக இருந்ததில்லை. அதைக்கொண்டு மனிதரை மனிதர் தள்ளிவைத்த சரித்திரம் நெடியது. யானைக்கால் கண்டவரைப் பந்தியில் ஒதுக்குகிறவரும் அச்சொல்லைத்தான் உபயோகிக்கிறார். அந்த அர்த்தத்தில் இங்கே அதை நான் சொல்லவேயில்லை. தினம் இருமுறை நீராடுகிற ஆசாரசீலருடைய விரலிடுக்கிலும் ஈரம் தங்கினால் இதே வெளுப்பு வரும். கிருமி ஆசாரத்தை விசாரித்துவிட்டு நுழைவதில்லை. நிணநாளம் கெட்ட காலுக்கு இது சிகிச்சை. சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ, அப்படி. சிகிச்சை என்று ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு வேண்டிய நீரையும் சோப்பையும் களிம்பையும் தரும் கடமை நோயாளியின் மேல் மட்டும் நில்லாமல் அரசாங்கத்தின் மேலும் விழுகிறது. ஆட்சேபிக்கிற நண்பர்கள் எதிர்பார்த்ததைவிட என் வாதம் அவர்களுக்கே அதிக உதவி செய்கிறது. பழி போடுவது என்று சொல்லிக் கழுவும் முறையைக் கற்பிக்காமலே விட்டுவிடுவதோ, சாக்கடை மூடப்படும் நாள்வரையில் அந்தப் பெண் ஜுரத்தில் கிடக்கட்டும் என்று தீர்ப்பளிப்பதாக முடியும்.

அரசாங்கம் இதில் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்வதற்கில்லை. பேசின், குவளை, துண்டு, சோப்பு, களிம்பு அடங்கிய ஒரு பெட்டகம் யானைக்கால் நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது. வழங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது ஒரு நாள் காரியம். களிம்பு தீர்ந்தபின் மறு களிம்பு யார் கொடுப்பது, விரலிடுக்கில் துணியை நுழைத்துக் காட்டியது யார், மூன்று மாதம் கழித்து அந்தக் காலை மறுபடியும் பிரித்துப் பார்த்தது யார் என்று கேட்டால்தான் பதில் இழுபடுகிறது. துண்டு சாமி அறையில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பேசினில் கோழிக்குத் தீனி வைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் அது மருந்து என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, பரிசு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஆளுக்குப் பஞ்சம் என்ற சமாதானமும் இப்போது செல்லாது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தின்படி சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டுப்படி ஏறிவருகிற பெண் ஊழியர்கள் விக்கிரவாண்டியிலும் இருக்கிறார்கள், மயிலத்திலும் இருக்கிறார்கள். மாத்திரையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு முன், "அம்மா, காலைக் கொஞ்சம் நீட்டுங்கள்" என்று சொல்லி இரண்டு விரல்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு எத்தனை நிமிஷம் ஆகிவிடும்? யானைக்கால் கண்டவர்கள் ஊருக்குச் சிலர்தான். அவர்களுக்காக இவ்வளவு ஏற்பாடா என்று கணக்குப் பார்க்கிற அதிகாரிகளுக்கும் ஒரு சேதி. அந்த ஊழியர் பையிலிருக்கிற மாத்திரை சர்க்கரை நோயாளிக்குரியது; உணர்ச்சி மரத்துப்போன சர்க்கரைக் காலில், அதே சுண்டுவிரல் இடுக்கில், அதே வெளுத்த தோலின் வழியாக, அதே கிருமிகள் நுழைந்துதான் பாதம் அழுகி, முண்டியம்பாக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரைக்கும் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாகிறது. அவர்கள் ஊருக்குச் சிலர் அல்லர், தெருவுக்குச் சிலர். அவர்களுக்காகப் பிரித்துப் பார்க்கிற விரலை, அடுத்த வீட்டில் யானைக்காலோடு உட்கார்ந்திருக்கிற கிழவிக்காகவும் பிரித்துப் பார்த்துவிட்டு வரலாம். அதற்கென்று தனியாக ஒரு திட்டமும் வேண்டாம், தொடக்கவிழாவும் வேண்டாம்.